கூத்துக்கு விடியும்வரை ஒரு கூடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். சீரியல் லைட்டுக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். செய்யாறு, வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் தெருக்கூத்து ஜமாவிடம், அதாவது கூத்தாடும் குழுவிடம் மட்டும்தான் பேரம் பேசுகிறோம். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

கூத்து நமக்கு வேற்றாள் கலை இல்லை. பின்னி மில்லுக்கும் துறைமுகத்துக்கும் ரயில்வே பணிமனைக்கும் வேலை தேடி வந்த நம் தாத்தாக்களில் பலர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டுக் கிராமத்துக்காரர்கள். மில் 1996இல் மூடிவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் இறந்தால் காரியத்துக்குக் கர்ண மோட்சம், அதாவது கர்ணன் போரில் மடியும் கதைக் கூத்து வைக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் படிக்கிற பிள்ளைகளும் உடம்பு முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கூத்தைத் தொடங்கி வைத்துக் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் வந்து, திரை பிடித்து, வேஷங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, விடியும்போது முடிகிற கூத்தை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடி என்றால் எப்படி?

போன ஆடியில் எங்கள் தெருவில் கர்ண மோட்சம். பொழுது சாயும் முன்பே சுவரோரம் உட்கார்ந்து அரிதாரம் பூசத் தொடங்கிவிட்டார்கள். கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் ஒருவருக்கொருவர் இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டார்கள். போருக்குப் புறப்படும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி குலம் கேட்டு அவமதிக்கும் தர்க்கம்தான் அந்தக் கூத்துக்கே உயிர். அது சூடு பிடிக்கும் நேரத்தில் விழாக் குழுவினர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார்கள். ஆர்மோனியக்காரர் பாட்டைப் பாதியில் விட்டு மங்களத்துக்குத் தாவினார். கர்ணன் சாகவே இல்லை.

ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000ஐப் படித்துப் பார்த்தால் வழி இருக்கிறது. மூடிய கூடத்துக்குள், அங்கே இருப்பவர்களுக்காக மட்டும் வைக்கும் ஒலிபெருக்கிக்கு அந்தப் பத்து மணித் தடை கிடையாது. விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அனுமதிக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. வட சென்னையில் மாநகராட்சி சமுதாய நலக்கூடங்கள் இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாளில் அவற்றைக் கூத்துக்கு ஏன் திறந்துவிடக் கூடாது?

நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த உதவித்தொகை உடம்பு ஓய்ந்த பிறகு வருவது. இன்று காலில் சலங்கை கட்டுகிற இளைஞனுக்கு வேண்டியது ஆட ஓர் இரவும் அதற்கேற்ற கூலியும். மழைக்காலத்தில் கூத்தே இல்லாமல் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போனால், அடுத்த ஆடிக்கு எத்தனை பேர் திரும்பி வருவார்கள்?

விழாக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டீஸில் உபயதாரர்கள் எல்லோருடைய பெயரும் படத்தோடு வருகிறது. கூத்து ஆடுகிறவர்கள் மட்டும் ‘பிரபல நாடகக் குழுவினர்’. நவீன நாடகக்காரர்கள் தேடிப்போய்க் கற்றுக்கொண்டதால் புரிசை ஊர்க் கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரானை வெளியுலகம் அறிந்தது. மற்ற ஊர் வாத்தியார்களை யார் அறிவார்கள்? வாத்தியார் பெயர், ஊர், அவர் சம்மதித்தால் செல்பேசி எண், இந்த மூன்றையும் நோட்டீஸில் போடுங்கள். பார்க்கிற அடுத்த தெருக்காரர் தரகர் இல்லாமல் நேரே கூப்பிடுவார். பேசிய தொகையை வாத்தியார் கையிலேயே கொடுங்கள்.

வரும் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வியாசர்பாடிப் பக்கம் ஒரு கூடத்தை ஒரே ஓர் இரவு வாடகையில்லாமல் மாநகராட்சி கொடுக்கட்டும். ஜமாவுக்குக் கூலியும் சாப்பாடும் வண்டிச் செலவும் தெருவில் வசூல் செய்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்,
வியாசர்பாடி, சென்னை-39