பேட்டரிய நாமளே மாத்துற மாதிரி போன் வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன்ல ஸ்கிரீன், கேமரா எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பேட்டரி மட்டும் மத்தியானத்துக்குள்ள படுத்துருது, அதுக்காக புது போனே வாங்குன்னா இது என்னங்க நியாயம்? முன்னாடி பின்மூடிய நகத்தால திறந்து நாமளே மாத்திட்டு போயிடுவோம், இப்ப பசை போட்டு ஒட்டி வச்சிடுறாங்க. லித்தியம் அயன் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏத்துனாலே வலு குறைய ஆரம்பிச்சிடும், இது கம்பெனிகளுக்கும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்துல 2023லயே சட்டம் போட்டுட்டாங்க, சில விதிவிலக்கு தவிர 2027 பிப்ரவரிலேந்து சின்ன சாதனங்கள்ல பேட்டரிய வாங்குனவங்களே கழட்டி மாத்த முடியணும்னு. சிங்கப்பூர்ல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 60,000 டன் மின்கழிவு சேருது, இங்கயும் அந்த விதி கட்டாயம் வரணும். மின்சார கார் பேட்டரி நூத்துக்கணக்கான கிலோ, அத வீட்ல மாத்த முடியாதுதான், ஆனா வெளி ஒர்க்‌ஷாப்ல மாத்த வழியாச்சும் வேணும்.

வாசகர், தோ பாயோ