சாவித்துவாரத்தில் குளவி

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் உன் அம்மாவும்தான். கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கும் பல்லியையும் சேர்த்தால் மூன்று.

கோடை முடியப் போகிறது. முடியப் போகும் நேரத்தில்தான் அதன் குணம் மோசமாகிறது. நடுக்கோடையில் வியர்த்தால் காய்ந்துவிடும். இப்போது காற்றில் ஈரம் ஏறிவிட்டதால் வியர்வை வியர்வையாகவே நிற்கிறது. பானைத் தண்ணீரும் முன்போலக் குளிரவில்லை. அம்மா பானைமேல் பழி போடுகிறாள். பானை என்ன செய்யும்? கசிந்து வரும் தண்ணீர் ஆவியானால்தான் உள்ளே குளிரும். ஒவ்வொரு கிராமும் போகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வெளிக்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மந்தமாகிவிடும். முப்பத்திரண்டு வருடம் இதை வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் தலையாட்டினார்கள். வீட்டில் சொன்னால், “சரி, வேற பானை வாங்குங்க” என்கிறாள்.

நீ தண்ணீர் நிறையக் குடி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே.

நீ கடைசியாகப் பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றே கால். “நல்லாத்தான் இருக்கேன்பா” என்றாய். சந்தோஷம். உனக்குப் பின்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’. நான் சொல்ல வந்தது அந்த விசிறியைப் பற்றி. அது வேகம் குறைந்து ஓடுகிறது, சத்தத்திலேயே தெரிகிறது. மோட்டார் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. முக்கால்வாசி நேரம் கெபாசிட்டர்தான் போயிருக்கும். 2.5 மைக்ரோஃபாரட் என்று பழையதன் மேலேயே எழுதியிருக்கும். அதே அளவில் கேட்டு வாங்கு. மாற்றும்போது மெயினை அணைத்துவிடு, சுவிட்சை மட்டும் நம்பாதே. அந்த ‘டிக்’ வேறு விஷயம், இறக்கையின் திருகு ஒன்று தளர்ந்திருக்கும்.

வேலை நாளில், காலை பதினொன்றே காலுக்கு, வீட்டு விசிறி. சரி, விடுப்பு போட்டிருப்பாய். நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று செவ்வாய் போய்விட்டன. ஒரு வரி எழுத விரல் வலிக்குமா? தெருவில் யாரைப் பார்த்தாலும் உன் பேச்சைத்தான் எடுக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்கிறார். அவருக்கு உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பாடவாரியாகத் தெரியும். சென்ற வாரம், “பாப்பா எப்படி இருக்கு?” என்று அவராகவே கேட்டார். என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பழையதையே சொன்னேன்.

சரி, இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் வானம் கறுத்தது. கொடியில் துணி முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா எடுக்கப் போனாள். நான்தான் தடுத்தேன். மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பித்து, ஒன்பது விநாடியில் இடி கேட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி, ஆகவே மூன்று கிலோமீட்டர் தூரம், நிதானமாக எடுக்கலாம் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, காற்று சுழற்றி அடித்தது. என் வேட்டி ஒன்று மதில் தாண்டிப் பறந்தது. அடுத்த நொடி மழை. “மின்னல் அங்கே இருந்தா மழையும் அங்கேயே நிக்கும்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?” என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. மின்னல் எங்கே விழுந்தது என்றுதான் நான் கணக்குப் போட்டேன், மேகம் எதுவரை பரவியிருக்கிறது என்று அதில் எங்கே வருகிறது? அதைவிட, மூன்று கிலோமீட்டரில் மின்னல் இருந்தால் மொட்டைமாடியில் நிற்பதே ஆபத்து. அதையும் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் இடிக்கும்போது மாடிக்குப் போகாதே.

நனைந்த துணியோடு இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தோம். அந்த மண்வாசனை வந்தது. 1964-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து ஒரு புதுப் பெயர் வைத்தார்கள் என்று எப்போதோ நீதான் எனக்குச் சொன்னாய். “நமக்கு எதுக்குப்பா புதுப் பேரு?” என்றும் சொன்னாய். அதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். உன் அறைக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம்.

உன் ஜன்னல் கொக்கி பற்றி உனக்குத் தெரியும். காற்றில் திறந்துகொண்டுவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாவி உள்ளே போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால், சாவித்துவாரம் முழுக்க மண். கையால் பூசியதுபோல வழவழவென்று, நடுவில் லேசாகக் குழித்து, ஓரம் வரை இழைத்து அடைத்திருந்தது. குளவி. கதவைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன்.

அம்மாவின் கொண்டை ஊசியை நிமிர்த்திச் சுரண்டினேன். முதலில் மண் துகளாக உதிர்ந்தது. அப்புறம் பச்சையாக ஏதோ ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. புழு. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து, திணித்து வைத்ததுபோல. செத்தவை என்று நினைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் மிக மெதுவாக, தூக்கத்தில் புரள்வதுபோல, உடம்பை வளைத்தது. மழை உள்ளே கொட்டிக்கொண்டிருக்கிறது, நான் கையில் புழுவை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா திட்டியபிறகுதான் கதவைத் திறந்தேன்.

பெரிய சேதம் இல்லை. பச்சை டிரங்குப் பெட்டி தப்பித்தது. ஜன்னலுக்குக் கீழே அலமாரியில் இருந்த உன் பழைய நோட்டுகள்தான் நனைந்துவிட்டன. விசிறியைப் போட்டு, தரையில் பரப்பி, ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தேன். காயவைக்கும்போது கண்ணில் பட்டதைப் படித்தேன். படித்தது தப்பென்றால் மன்னித்துக்கொள்.

சுவர்க்கோழிப் பக்கம் வந்தது. ஞாபகம் இருக்கிறதா? டால்பியர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1897-ல் எழுதிய சூத்திரம். பதினைந்து விநாடியில் அது எத்தனை முறை கத்துகிறதோ அதோடு நாற்பதைக் கூட்டினால் பாரன்ஹீட்டில் வெப்பநிலை கிடைக்கும். நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். இதேபோல ஒரு கோடையின் கடைசியில், சித்தப்பா கொடுத்த தெர்மாமீட்டரை ஜன்னலில் தொங்கவிட்டு, என் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு நீ இருட்டில் உட்கார்ந்திருந்தாய். உன் எண்ணிக்கை 38. கூட்டினால் 78. தெர்மாமீட்டரில் 85. “கவனமா எண்ணு” என்றேன். மறுநாளும் ஏழு குறைந்தது. அதற்கடுத்த நாள் ஆறு. “பொறுமை இல்லாதவங்களுக்கு விஞ்ஞானம் வராது” என்று நான் சொன்னது தேதியோடு இருக்கிறது. அதற்குக் கீழே பதினொரு இரவு எண்ணியிருக்கிறாய், பாப்பா. பதினொரு இரவும் ஆறோ ஏழோதான் குறைகிறது.

நீ சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய். டால்பியர் எந்தப் பூச்சியை வைத்துக் கணக்குப் போட்டார் என்று அவரே குறிப்பிடவில்லை. அது வட அமெரிக்காவில் மரத்தில் இருக்கும் வெளிறிய ஒரு வகையாக இருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்தார்கள். வகைக்கு வகை கணக்கு மாறும். நம் வீட்டுச் சுவரில் இருந்தது வேறு வகை. இது எனக்குச் சில வருடத்துக்கு முன்பே தெரியும். ஒரு கட்டுரையில் படித்தேன். படித்த அன்றே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சின்ன விஷயம், அவள் மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

நீ தண்ணீர் குடிக்கிறாய் அல்லவா?

இரண்டு பக்கம் தள்ளிக் குளவி. கொல்லைப்புறக் கதவில் இருந்த கூட்டை உடைத்துப் பார்த்து வரைந்திருக்கிறாய். என் கையில் இருந்ததைப் போலவே ஐந்து புழு. தலைப்பு: ‘அப்பா சொன்னது தப்பு’. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நான் ஓயாமல் சொல்வேன் இல்லையா, அதைத்தான் எழுதியிருக்கிறாய். “புழு குளவியாக மாறவே இல்லை. குளவி அதைக் கொட்டி அசையாமல் பண்ணி உள்ளே வைக்கிறது. பக்கத்திலேயே முட்டை வைக்கிறது. முட்டையிலிருந்து வருவதுதான் குளவி ஆகிறது. அது இந்தப் புழுவைச் சாப்பிட்டு வளர்கிறது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் புழு குளவியாகிவிட்டது போலத் தெரியும்.” பதிமூன்று வயதில் எழுதியது. இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் எழுத முடியாது, நான் உட்பட.

அந்த விண்ணப்பப் படிவத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

அன்றும் இதே புழுக்கம். நீ மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். முதல் விருப்பம் என்ற கட்டத்தில் உன் குண்டு எழுத்தில் ‘விலங்கியல்’ என்று இருந்தது. நான் ஒயிட்னர் தடவினேன். காயும்வரை வாயால் ஊதினேன். அதன்மேல் எனக்குப் பிடித்ததை எழுதினேன். என் எழுத்தில் எழுதியிருந்தாலாவது கொஞ்சம் நேர்மை இருந்திருக்கும். உன் எழுத்தைப் போலவே குண்டாக எழுதினேன். மறுநாள் காலை நீ கையெழுத்துப் போட வந்தாய். அந்தக் கட்டத்தின்மேல் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாய். நீ தடவியதை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாய். எதிர்த்துப் பேசாத பெண் என்று எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இத்தனை வருடமாக எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. நேற்று ராத்திரிதான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், நிறைந்திருந்த பானையில் இன்னும் தண்ணீர் ஊற்றினாள். இன்று காலை வரை என்னிடம் பேச்சு இல்லை. உன்னிடம் சொல்லும்படி ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறாள்: எந்த நேரம் வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

அது நிஜமாகவே திறந்துதான் இருக்கிறது. உன் அறையைப் பூட்டவில்லை. திங்கட்கிழமை அந்தக் குளவி திரும்பி வந்தது. அதேதானா, வேறா, தெரியாது. வாயில் உருட்டிய ஈர மண்ணோடு வந்து துவாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நான் சுரண்டிப் போட்டதைப் பற்றி அதற்கு ஒன்றும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நேற்று மாலைக்குள் பாதி அடைத்துவிட்டது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். அதில் நேற்று என் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டேன். வீக்கம் குறைந்துவிட்டது.

விசிறி பகலில் ஓடினால் ஓடட்டும், பாப்பா. எத்தனை நாள் வேண்டுமானாலும். கெபாசிட்டரை மட்டும் மாற்றிவிடு.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கூட்டை அடைத்த நாளிலிருந்து குட்டிக் குளவி வெளியே வர எத்தனை நாள் ஆயிற்று என்று நீ நாள் எண்ணி எழுதியிருக்கிறாய். மழையில் அந்த ஓர் இடத்தில் மட்டும் மை கரைந்து நீலமாகப் பரவிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள், எண் தெரியவில்லை. ஞாபகம் இருந்தால் அந்த எண்ணை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அப்பா