விவேக் சாருக்காக நவம்பர்ல நடலாமே

ஆசிரியருக்கு வணக்கம். நடிகர் விவேக் சார் 2021 ஏப்ரல் 17 இறந்து போனதுலருந்து வருஷா வருஷம் அன்னைக்கு ரசிகர்கள் நாங்க மரக்கன்னு நடறோம், கலாம் ஐயா சொன்னாருன்னு 1 கோடி மரம் நடக் கிளம்பி 30 லட்சத்துக்கு மேல நட்ட மனுஷன், அவர வேற எப்படி நினைக்கிறது. ஆனா ஏப்ரல் வெயில் கொளுத்துதே சார், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டதோட சரி, போன வருஷம் நான் வச்ச வேப்பங்கன்னு ரெண்டே வாரத்துல வெறும் குச்சியா நின்னுச்சு, அதுல கட்டுன ரிப்பன் மட்டும் பளபளன்னு இருந்துச்சு (தண்ணி ஊத்தாதது என் தப்புதான்). அவர் பொறந்தநாள் நவம்பர் 19, வடகிழக்கு பருவமழை நேரம், அன்னைக்கு நட்டா பாதி வேலைய மழையே பாத்துக்கும். ஏப்ரல்ல அந்தக் கன்னுங்களுக்கு ஊத்த ஆளுக்கு ஒரு குடம் தண்ணியோட போனா போதும்.

- ஒரு ரசிகன்