டாங்குய் வேரை ஏன் அனுப்பவில்லை

சிங்கப்பூர்

அன்புள்ள மாலதி,

நீ கேட்டு இரண்டு மாதமாகியும் டாங்குய் என்ற சீன மூலிகை வேரும் அனுப்பவில்லை, பதிலும் எழுதவில்லை. உன் கோபம் நியாயமானதே. இங்கே எல்லோரும் நலம்.

என் பிரசவத்திற்குப் பின் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஒரு மாதம் சூப் வைத்துக் கொடுத்ததை உன்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தோலும் எலும்பும் கறுத்த கோழியோடு இஞ்சி, டாங்குய், கோஜி என்ற சிறு சிவப்புப் பழம், கொட்டை சூடு என்று அதை நீக்கிய செம்பேரீச்சை என்னும் சீன இலந்தை எல்லாம் சேர்த்து, மூடிய சாடியில் வைத்து, அந்தச் சாடியைக் கொதிநீரில் மூன்று மணி நேரம் இருத்துவார். அந்த ருசியையும் தெம்பையும் நான் வியந்து பேசியதால்தான் அம்மாவின் சோர்வுக்கு நீ அதைக் கேட்டாய்.

வாங்கத்தான் போனேன். சீன மருந்துக் கடைப் பெரியவர் வேரை நிறுக்கும் முன், யாருக்கு, என்ன வயது, வேறு என்ன மருந்து என்று விசாரித்தார். வார்ஃபரின் என்றதும் வேரைத் திரும்ப இழுப்பறையில் போட்டுவிட்டார். இரத்தம் உறையாமல் காக்கும் அந்த மாத்திரையின் வேகத்தை டாங்குய் கூட்டி, இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்; கோஜியாலும் அப்படி நேர்ந்ததுண்டு.

முதலில் உணவால் குணப்படுத்து, அது பலிக்காவிட்டால் மருந்து கொடு என்று 7ஆம் நூற்றாண்டிலேயே சுன் சிமியாவ் என்ற சீன மருத்துவர் எழுதினார். உணவுதானே, என்ன செய்துவிடும் என்று அதற்குப் பொருள் கொள்வது பெருந்தவறு, மாலதி. உணவுக்கும் மருந்துக்கும் மூலம் ஒன்றே என்பவர்கள் சீன மருத்துவர்கள். அதனால்தான் ஒவ்வொரு பொருளையும் சூடு, குளிர்ச்சி என்று பிரித்து, உண்பவரின் உடல்வாகு பார்த்தே கொடுக்கிறார்கள். காய்ச்சலும் சளியும் உள்ள நாளில் பாட்டி எனக்கே அந்தச் சூப்பைத் தந்ததில்லை.

இத்தனை நாள் எழுதத் தயங்கியதன் காரணம் வேறு. சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது நான் கொடுத்த பொட்டலத்தில் டாங்குய் இல்லை. ஆனால் கோஜிப் பழம் இருந்தது. அம்மா மாத்திரை சாப்பிடுவது தெரிந்தும் யோசிக்காமல் கொடுத்தேன். மீதியிருந்தால் அவருக்குக் கொடுக்காதே. கொடுத்து வந்திருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லி இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வந்ததா என்றும் கேள். மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே. முடிவு தெரிந்ததும், எந்நேரமானாலும், எனக்குத் தொலைபேசியில் சொல்.

அன்புடன்,
கௌரி