காணாமல் போன இரண்டு பெண்பிள்ளைகள்

லெஸ்டர், இங்கிலாந்து
7.12.2008

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். குளிர்தான் எலும்பு வரை போகிறது. "ஒன்பது வயதுப் பிள்ளையைத் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்க அனுப்ப மாட்டாயா, அது என்ன ஊர்?" என்று கேட்டிருந்தாய். இன்ன வயது வரை தனியே விடக்கூடாது என்று சட்டத்தில் இல்லை. ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் பெற்றவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், வழக்குகூட வரலாம். யார் பெற்றவர்கள் என்பதைப் பார்த்துத்தான் ஊர் எப்படிக் கேட்கும் என்பதும் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

போன வருஷம் மே 3-ம் தேதி, குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன இடத்தில், போர்ச்சுகலில் காணாமல் போன மெடலின் இந்தப் பக்கத்துப் பிள்ளை. நான்கு வயது நிறைய சில நாட்கள்தான் இருந்தன. லஃப்பரோ பஸ்ஸில் போனால் ராத்லி கிராமம் வரும். அங்கே போர் நினைவுத் தூணைச் சுற்றி மஞ்சள் ரிப்பனும் கரடி பொம்மையுமாகக் கட்டி வைத்திருந்ததை நானே பார்த்தேன். அப்பா அம்மா இருவரும் டாக்டர்கள். மூன்று பிள்ளைகளையும் அறையில் தூங்க வைத்துவிட்டு, பக்கத்து ஓட்டலில் நண்பர்களோடு சாப்பிட்டபடி, நடுநடுவே போய்ப் பார்த்து வந்தார்களாம். பிள்ளையைக் கண்டுபிடிக்க உதவுகிறவருக்கு என்று அறிவித்த பரிசு 25 லட்சம் பவுண்டு. பேப்பர்காரர்கள் பிறகு அவர்களையும் விடவில்லை. பிள்ளையை அவர்களே கொன்றுவிட்ட மாதிரி எழுதி, இந்த மார்ச்சில் இரண்டு பத்திரிகைகள் முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டன.

இந்த பிப்ரவரியில், வடக்கே டியூஸ்பரி என்ற ஊரில் ஷேனன் என்ற பிள்ளை காணாமல் போனாள். நம் மீனா வயதுதான், ஒன்பது. ஏழைகள் குடியிருப்பு. ஏழு பிள்ளைக்காரி அம்மா, தகப்பன்மார் வேறு வேறு. பிள்ளை எங்கே என்பதைவிட இந்தக் கணக்கைத்தான் அதிகம் எழுதினார்கள். பரிசு 50,000 பவுண்டு. போலீஸ் குறை வைக்கவில்லை, பெரிய தேடல்தான். அந்தத் தெரு ஜனங்களும் நோட்டீஸ் அடித்துக்கொண்டு தாங்களே தேடி அலைந்தார்கள். 24-ம் நாள் உயிரோடு கிடைத்தாள், ஒரு கட்டிலின் அடிப்பெட்டிக்குள்.

வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. அம்மாவும், அவள் கூட வாழ்ந்தவனின் மாமாவும் சேர்ந்தே ஒளித்து வைத்திருக்கிறார்கள், பரிசுப் பணத்துக்காக! ஆஸ்பத்திரி வார்டில் டீ குடிக்கும்போது எல்லோருக்கும் ஒரே பேச்சு, "நான் அப்பவே சொன்னேனே" என்று. அந்த அம்மா செய்தது பாவம்தான் அக்கா. அதற்காக, முதல் நாளே அந்தப் பிள்ளையை இளப்பமாகப் பார்த்தது சரியாகிவிடுமா? அன்றைக்கு இவர்களுக்கு என்ன தெரியும்? பட்டு கட்டியவள் பிள்ளை என்றால் ஒரு நியாயம், கந்தல் கட்டியவள் பிள்ளை என்றால் ஒரு நியாயம்.

டான்காஸ்டரில் 14 வயதுப் பையன் ஒருவன் போன வருஷம் லண்டனுக்கு ரயிலேறிப் போனவன். கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் கேமராவில் தெரிந்ததோடு சரி, இன்னும் தகவல் இல்லை. கூட வேலை பார்ப்பவர்களைக் கேட்டேன், பாதிப் பேருக்கு அவன் பெயரே தெரியவில்லை.

அப்புறம், அம்மாவின் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று ஃபோனில் சொல். பணத்தை அத்தான் பெயருக்கே அனுப்புகிறேன்.

உன் தங்கை,
செல்வி