லூகர் வாங்கும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் சின்னவனும் நலமா? போன்ல இதையெல்லாம் சொன்னா பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா"ன்னு வெச்சிடுவே. அதனாலதான் உட்கார்ந்து எழுதறேன்.

சேகரிப்புக்கு வாங்கலாமான்னு கேட்டு நீ அனுப்பின லூகர் படங்களை, அதான் அந்தப் பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கிப் படங்களை, பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். விற்கிறவர் சொல்ற கதையும் படிச்சேன். அவங்க தாத்தா 1945ல ஒரு ஜெர்மன் தளபதிகிட்ட இருந்து பறிச்சதாம். இருக்கலாம். ஆனா விலைக்கு வர்ற லூகர் எல்லாமே தளபதி இடுப்புல இருந்துதான் வருதுன்னா, ஜெர்மன் படையில சிப்பாயே இல்லைன்னு ஆயிடும். கன்னபுரம் சந்தையில மாட்டுக்காரன் சொல்ற கதையைக் கேட்டா மாடு பிடிக்கிறோம்? பல்லைப் பார்த்துத்தானே பிடிக்கிறோம்.

அப்படிப் பார்த்தா ரெண்டு இடம் இடிக்குது. மேலே மடங்கி எழும்புற டாகிள்ல "பி.ஒய்.எஃப்"னு மூணு எழுத்து இருக்கு. அது மவுசர் கம்பெனியோட போர்க்காலக் குறியீடு. தோட்டா உட்காருற அறைக்கு மேல 42ன்னா 1942ல செஞ்சது. (அதே 42 டாகிள் மேல இருந்தா அது வருஷம் இல்லை, மவுசரோட முந்தைய குறியீடு. குழம்பிடாதே.) அதுவரைக்கும் சரி. ஆனா டிரிக்கரும், பக்கத்துல கழற்றுறதுக்கு இருக்கிற லீவரும் வைக்கோல் நிறத்துல மின்னுது பாரு. அழகாத்தான் இருக்கு. அதுதான் வினை.

ஆவாரம்பாளையத்துல டூல் ரூம்லயே தலை நரைச்சவனுக்கு அந்த நிறத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடினப்படுத்தின உளியை எமரி போட்டு வெளுப்பாக்கி மெல்லச் சூடேத்தினா, 220, 230 டிகிரியில வைக்கோல் நிறம் படரும். விட்டா பழுப்பு, ஊதா, 300 பக்கம் போனா நீலம். வேணுங்கிற நிறம் வந்ததும் சட்டுனு எண்ணெயில முக்கி நிறுத்துவோம். லூகரோட சின்ன பாகங்களுக்கும் முன்னெல்லாம் சூடேத்தித்தான் அந்த நிறம் கொடுத்தாங்க. மவுசர்ல 1937 வாக்கில அதை விட்டுட்டு எல்லாத்தையும் கருநீலமாக்கிட்டாங்க. அப்புறம் 1942 துப்பாக்கியில வைக்கோல் நிற டிரிக்கர் எப்படி வந்துச்சு? பழசுல இருந்து பிடுங்கி மாட்டியிருக்கணும், இல்லைன்னா எவனோ பின்னால அழகு பண்ணியிருக்கணும்.

அடுத்தது எண். லூகர்ல உடம்புல முழு எண் அடிச்சு, சின்ன பாகங்கள்ல அதோட கடைசி ரெண்டு இலக்கத்தை அடிச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணையும் கையால ராவி, அந்தந்தத் துப்பாக்கிக்குன்னே பொருத்தினது அது. உன் படத்துல உடம்பு 67ல முடியுது, டாகிள் 31ன்னு சொல்லுது. ஒட்டுப்போட்டதுன்னு அதுவே வாக்குமூலம் கொடுத்துடுச்சு. சுட்டுப் பார்க்க மட்டும் வேணும்னா கம்மி விலைக்கு வாங்கலாம். சேகரிப்புக்குன்னா வேண்டாம்.

நீ ஏற்கனவே வாங்கி வெச்சிருக்கிற இன்னொரு ஜெர்மன் கைத்துப்பாக்கி, வால்தர் பி-38க்கு வர்றேன். அதுல "சி.ஒய்.க்யூ" இருக்கு, அப்படின்னா ஸ்ப்ரீவெர்க் தொழிற்சாலை. ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகர்ற பாகம்) முழுக்க கட்டர் ஓடின கோடு, பார்க்க அசிங்கமா இருக்கு, பஃப் போட்டு மறுபடி புளூயிங் பண்ணி, அதாவது கருநீலமாக்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார்னு எழுதியிருக்கே. தொட விடாதே. அந்தக் கோட்டுக்குத்தான் நீ காசு கொடுத்திருக்கே. போர் முத்த முத்த, மெருகு போட நேரமும் இல்லை, ஆளும் இல்லை. மில்லிங் மெஷின்ல இருந்து இறங்கினது அப்படியே போர்முனைக்குப் போச்சு. ஜெர்மனி தோத்துக்கிட்டிருந்ததை அந்த இரும்புல விரலாலேயே தடவிப் பார்க்கலாம். பஃப் வீல்ல பிடிச்சா கோடு மட்டுமா போகும்? விளிம்பு மழுங்கும், எழுத்து ஆழம் குறையும், நாஜிக் கழுகு முத்திரை தேஞ்சு குருவியாயிடும். விலையும் பாதாளத்துக்குப் போயிடும்.

இங்கிலாந்துக்காரன் கதை இன்னும் வேடிக்கை. வெப்லி கம்பெனி போர்க்காலத்துல பாயிண்ட் 38 ரிவால்வரை மெருகில்லாமத்தான் அனுப்பிச்சு. ஆனா பேர் கெட்டுப்போயிடும்னு "வார் ஃபினிஷ்" (போர்க்கால மெருகு)னு அதுமேலேயே முத்திரை குத்திட்டான். வேலைக்காரனோட ரோஷம்! எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கிடைச்சா லூகரை விட்டுட்டு இதை வாங்கு.

ஆனா உங்க அப்பாரு, என்னைப் பெத்தவர், இருந்திருந்தா வெப்லியை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டார். 1942 ஆகஸ்ட்ல சூலூர் விமானதளத்துக்கு நம்ம பக்கத்து ஆளுங்க தீ வெச்சாங்க இல்லையா, அதுக்கப்புறம் ஊர் ஊரா போலீஸ் புகுந்தப்ப அவர் சின்னப் பையன். துரை இடுப்புல தொங்கின உறையைத்தான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். அதனால எதை வாங்கினாலும் அது யாரைப் பார்த்து நீட்டினதுங்கிறதையும் ஒரு அட்டையில எழுதிக் கூடவே வெச்சுக்கோ. லூகரை ஹால் சுவத்துல மாட்டாதே. நீ அனுப்பின படத்துல இருக்கிற ஸ்வஸ்திகாவை அம்மா பார்த்துட்டு "மங்கலச் சின்னம்தானே, நல்லதுதான்"னா. கழுகு எதுக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு விளக்கறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு.

இன்னொண்ணு. லூகர்ல தோட்டா உள்ளே இருந்தா மேலே இருக்கிற எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை வெளியே இழுக்கிற கொக்கி) தூக்கி நிக்கும், பக்கத்துல "கெலாடன்"னு, தோட்டா ஏத்தியிருக்குன்னு அர்த்தம், எழுத்துத் தெரியும். அதை மட்டும் நம்பாதே, திறந்து அறையைப் பாரு. அதோட சியர் பட்டை (வெடிக்க வைக்கிற ஊசியைப் பிடிச்சு நிறுத்துறது) வெளியில இருக்கிறதால, மேல்பாகத்தைத் தனியாக் கழற்றின பிறகும் அறையில தோட்டா இருந்தா வெடிச்சிடும். சின்னவன் இருக்கிற வீடு. தோல் உறைக்குள்ளேயே போட்டு வெக்காதே, தோல் ஈரம் இழுத்துத் துரு ஏத்திடும். நான் கொடுத்தனுப்பின திருப்பூர் பனியன் வேஸ்ட்டுல லேசா எண்ணெய் தொட்டுத் துடைச்சா போதும். ஸ்டீல் உல் பக்கமே போகாதே.

ஊருக்கு வர்றப்ப "அப்பாவுக்குக் காட்டறேன்"னு ஒரு ஸ்பிரிங்கூட எடுத்து வந்துடாதே. இங்கே 9 எம்.எம்., பாயிண்ட் 45 எல்லாம் தடை செஞ்ச ரகம். 2019ல சட்டத்தைத் திருத்தினதுக்கப்புறம் தடை ரகத்தை வெச்சிருந்தா குறைஞ்சது 7 வருஷம், 14 வரைக்கும் போகும். லைசென்ஸ் உள்ளவனே ரெண்டுக்கு மேல வெச்சுக்க முடியாது. தோட்டத்துல பன்னி விரட்டுற ஒத்தக்குழல் துப்பாக்கியையே எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீதோட நிக்கிறாங்க. நீ வர்ற பையில மறந்துபோன தோட்டா ஒண்ணு கிடந்தா பீளமேடு ஏர்போர்ட்லயே வழக்கு. பெட்டியை ரெண்டு தடவை உதறிட்டுக் கட்டு.

அந்த லூகர்காரர்கிட்ட மேகஸின் அடிப்பக்கத்தையும், மரப்பிடியைக் கழற்றி உள்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. தர மாட்டேன்னா பேச்சை முடிச்சுக்கோ. தந்தா எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் முன்பணம் கொடுக்காதே.

சித்திரைக்கு வர்றீங்களா, டிக்கெட் போட்டாச்சான்னு அம்மா கேட்கச் சொன்னா.

அன்புடன்,
அப்பா