கட்டைச் செருப்பைத் தேக்கில் செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஜப்பான்காரர்களின் கட்டைச் செருப்பு பற்றி ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். குளிர்காலத்தில் சாக்ஸ் போட்டுக்கொண்டு அணியலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை நம்பி யாராவது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குச் செய்து அனுப்பிவிடப் போகிறார்களே என்றுதான் எழுதுகிறேன். போன வருஷம் அப்படி அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

மகள் ஜப்பானில், பனி கொட்டும் நாகானோவில் வேலை பார்க்கிறாள். அந்தச் செருப்புக்கு அங்கே கெத்தா என்று பெயர் (பேரன் இதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தான்). எங்கள் ஐயா போட்டிருந்த பாதக்குறடு இன்னும் இரண்டாங்கட்டுப் பரணில் கிடக்கிறது, அதில் கட்டைவிரல் இடுக்கில் பிடிக்க ஒரு குமிழ் மட்டும்தான். கெத்தாவில் குமிழுக்குப் பதில் துணி வார், பலகையில் மூன்று ஓட்டை போட்டுக் கோத்து அடியில் முடிச்சுப் போடுகிறார்கள், கீழே குறுக்கே இரண்டு கட்டை, அதைப் பல் என்கிறார்கள். இதென்ன பெரிய வித்தை என்று, பழைய வீடு இடித்தபோது எடுத்து வைத்திருந்த பர்மாத் தேக்குத் துண்டைத் தூக்கிக்கொண்டு ஆசாரியிடம் போய்விட்டேன். செட்டிநாட்டில் பிறந்துவிட்டு வேறு மரத்தை நினைக்கவா முடியும்!

ஒரு நாள் காலையில் போட்டுப் பார்த்துவிட்டு மகள் போன் செய்தாள். "அப்பச்சி, மார்கழியில ஆத்தங்குடிக் கல்லு மேல நிக்கிற மாதிரி இருக்கு, கனம் வேற."

தப்பு என்னுடையதுதான். அங்கே கெத்தாவுக்குப் பெயர்போன மரம் கிரி, எடை தேக்கில் பாதிகூட வராது. லேசான மரத்துக்குள் காற்று நிறைய அடைந்திருப்பதால் காலின் சூட்டை அது சட்டென்று உறிஞ்சுவதில்லை. ஹிதா என்ற ஊரில் சுகி என்கிற ஊசியிலை மரத்தில் செய்கிறார்கள், அதுவும் லேசுதான். தேக்கு கதவுக்கும் தூணுக்கும் சரி, இதற்குச் சரிப்படாது.

அப்புறம் சாக்ஸ். சாதாரண சாக்ஸில் வார் நுழையவே நுழையாது, கட்டைவிரல் தனியாகப் பிரிந்தது வேண்டும். நம் பெண்கள் செருப்போடு போடுகிறார்களே, கொடைக்கானல் போகிறபோது வாங்குகிற அதே மாதிரிதான். அங்கே தாபி என்கிறார்கள், குளிருக்கென்று உள்ளே பஞ்சுபோன்ற துணி வைத்துத் தைத்ததும் உண்டு. ஆனால் கனமான தாபி போட்டால் வார் இறுக்கிவிடும், அடி முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் தளர்த்திக் கட்ட வேண்டும். இதை யாரும் சொல்லாததால் மகளுக்கு இரண்டு காலிலும் விரல் இடுக்கு புண்ணாகிவிட்டது.

தாபி நனைந்தால் எல்லாம் போச்சு. அதற்கு ட்சுமகாவா என்று ஒரு முன்மூடி இருக்கிறது, விரல்களை மட்டும் மறைக்கிற மாதிரி செருப்பின் முனையில் மாட்டிக் கட்டுவது. முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. மழைக்கும் அதுதான், பனிக்கும் அதுதான்.

இன்னொரு தொல்லை, இரண்டு பல்லுக்கு நடுவே பனி அப்பிக்கொண்டு உருண்டையாகிவிடும், நடக்கிறவர் பொய்க்கால் போட்டவர் மாதிரி ஆடுவார். அதனால் பனி ஊர்களில் பனிக்கென்றே தனிக் கெத்தா செய்தார்கள், அப்பிய பனி தானாக உதிர்கிற மாதிரி பல்லைச் சரிவாக இழைத்து, வழுக்காமல் இருக்க அடியில் இரும்பு முள் வைத்து. மகள் இருக்கிற நாகானோவிலேயே சுவா ஏரி உறையும்போது கெத்தாவின் அடியில் இரும்புத் தகடு பொருத்திச் சறுக்கியே விளையாடியிருக்கிறார்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆசாரி என் ஜோடிக்குச் சைக்கிள் டயர் வெட்டி ஒட்டிக் கொடுத்தார். புதுப் பனியில் பரவாயில்லையாம், கெட்டியாக உறைந்த இடத்தில் வழுக்குகிறதாம். அப்படிப்பட்ட நாளில் ஷூ போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது குமிழ மரத்தில் இன்னொரு ஜோடி தயாராகிறது. லேசு, காய்ந்தால் அதிகம் வளையாது. ஆசாரிதான் இதைச் சொன்னார், முதல் தடவையே சொல்லியிருக்கலாம் என்றதற்கு, "நீங்க தேக்கோட வந்தீகளே, நான் என்னத்தச் சொல்ல" என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேவகோட்டை